குடத்துக் காசு: கதையா, கணக்கா?



உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். பூட்டன் தாட்டு வைத்த குடம், கிணற்றடி, புளியமரம், காவலுக்கு ஒரு பூதம். ஊரில் இருந்தபோது அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நித்திரைக்குப் போயிருப்போம். ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு அதே கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. இங்கே வாடகையும் கடனும் கழுத்தை நெரிக்கும்போது, அங்கே மண்ணுக்குள் எங்களுக்கென்று ஏதோ ஒன்று கிடக்கிறது என்ற நினைப்பு ஒரு தைரியம் போலவும் இருக்கிறது, ஒரு புண் போலவும் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கதை ஒரு குடும்பத்தை இருபது வருடமாக இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. அது உண்மையா என்று சந்தேகப்பட எங்களுக்கு இவ்வளவு காலம் பிடித்தது. நாங்கள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். இந்த நாட்டில் தொழிற்சாலை வேலை செய்பவர்கள். எங்களாலேயே இந்தக் கணக்கைப் பார்க்க முடிந்தது என்றால் யாராலும் முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஆச்சி சொன்ன கதை

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 யூன் மாதம் சண்டை மூண்டபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். அப்போது நாங்கள் கைக்குழந்தை. ஆகவே எங்கள் வீட்டை எங்கள் கண்ணால் கண்டதாக நினைவே இல்லை. கதையாகத்தான் தெரியும்.

அந்தக் கதையை நன்றாகக் கேட்டது 1995இல். அந்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்ததே, அதற்குப் பிறகு கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழ் படங்கு கட்டி இருந்தோம். பசி நேரத்தில் பிள்ளைகளை இருத்தி வைக்க ஆச்சியிடம் இருந்த ஒரே சாமான் அந்தக் கதைதான்.

"கொப்பற்ற அப்பு, அவர் மலாயாவில ரெயில்வேயில உத்தியோகம் பாத்தவர். யப்பான்காரன் குண்டு போட்ட வருசம், ஊரெல்லாம் பயந்து ஓடேக்க, அவர் மட்டும் ஓடேல்லை. ஒரு நடுச்சாமம், குடம் நிறையப் பவுணைத் தோளில தூக்கிக்கொண்டு போய், கிணத்திலயிருந்து வடக்க ஏழு கவடு, புளியமரத்தடியில ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டித் தாட்டவர். விடியேக்க கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிண்டவராம்."

ஆச்சி 2003இல் காலமானார். கதை எங்களிடம் தங்கிவிட்டது.

கதை செய்த வேலை

எங்கள் பெரியப்பா கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1979இல் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு வீடு கட்டினார். "கிளாக்கர் சம்பளத்தில கல்வீடோ?" என்று யாரோ முதலில் கேட்டார்கள். அடுத்தவர் குடத்தை ஞாபகப்படுத்தினார். அந்த வீடு 1983 யூலைக் கலவரத்தில் எரிந்து போனது. வீடு எரிந்தும் சந்தேகம் எரியவில்லை. ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் ஆச்சியின் செத்தவீட்டுக்குப் பெரியப்பா வந்தபோது, எங்கள் அப்பா எல்லோருக்கும் முன்னால், "குடத்தை எடுத்த நீ கொள்ளியை வை" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் கொள்ளி வைத்துவிட்டுப் போனார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அப்பா 2012இல் கண்ணை மூடினார். நாங்கள் இங்கே விசாப் பதிலுக்குக் காத்திருந்த காலம். போக முடியவில்லை. பெரியப்பாவும் வரவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். சரி, அவ்வளவுதான் மனிதர் என்று முடிவு கட்டினோம்.

2018இல் படையினர் விட்ட காணிகளில் எங்கள் காணியும் ஒன்று. வீடு இல்லை. புளியமரம் இல்லை. மண் அணைகளும் பற்றையும் மட்டுமே இருந்தன. கிணறு மட்டும் பாதி தூர்ந்து கிடந்தது. எங்கள் தங்கச்சி அங்கே ஒரு தகரக் கொட்டில் போட்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். காணி இன்னும் ஆச்சி பெயரில் இருப்பதால், பிரித்து எழுதினால்தான் அவள் தன் பங்கில் ஒரு கல்வீடு கட்ட அலுவல் பார்க்கலாம். அதற்கு எல்லா உரித்தாளிகளும் கையெழுத்து வைக்க வேண்டும். கனடாவில் இருக்கும் சித்தப்பா மறுத்துவிட்டார். "முதல்ல கிண்டிப் பாப்பம். பிறகு பிரிப்பம். ஆர்ர பங்குக்க குடம் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார்.

இதில் எங்கள் குற்றமும் உண்டு. மறைக்கவில்லை. ஊரில் மச்சான் ஒருவர் "ஸ்கானர்" வைத்திருக்கும் ஆள் ஒருவரைப் பிடித்தார். அந்த ஆளோடு மை போட்டுப் பார்க்கும் ஒருவரும் வந்தார். இரண்டு இலட்சம் ரூபாய் கேட்டார்கள். எங்கள் ஆறு வாரத்து ஓவர்ரைம் காசை நாங்கள் அனுப்பினோம். மெசின் கத்தாத இடமே அந்த வளவில் இல்லையாம். கிண்டினால் ஷெல் துண்டு, வெற்றுத் தோட்டா, கதவுப் பிணைச்சல். இரண்டாம் நாள் மண்வெட்டியில் தட்டுப்பட்டது வெடிக்காத ஷெல் ஒன்று. ஸ்கானர்காரரும் மைக்காரரும் அன்றோடு காணாமல் போனார்கள். அந்தக் கிடங்கிலிருந்து இருபது அடி தள்ளித்தான் தங்கச்சியின் பிள்ளைகள் விளையாடிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அன்றிரவு வேலைக்குப் போய் மெசினுக்கு முன்னால் நின்றபோது கை நடுங்கியது. ஆனாலும் கதை பொய்யாக இருக்குமோ என்று அப்போதுகூட நாங்கள் நினைக்கவில்லை. இடம்தான் பிழை என்று நினைத்தோம்.

மகள் கொண்டுவந்த பாடம்

சந்தேகத்தைத் தொடக்கி வைத்தது எங்கள் மூத்த மகள். இங்கே சின்ன வகுப்புகளில் 1666ஆம் ஆண்டு இலண்டன் தீயைப் பற்றிப் படிப்பிக்கிறார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து, "அப்பா, ஒரு ஆள் நெருப்புக்குப் பயந்து சீஸைத் தாட்டு வைச்சவராம்" என்று சொல்லிச் சிரித்தாள். சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அலுவலர் அவர். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்.

வாசிகசாலையில் பிள்ளைகளுக்கான புத்தகம் ஒன்றை எடுத்து மகளோடு சேர்ந்து எழுத்துக்கூட்டி வாசித்தோம். பிறகு பெரியவர்களுக்கான புத்தகத்தையும் எடுத்தோம். அதில் எங்களைத் தூக்கிவாரிப் போட்ட சங்கதி ஒன்று இருந்தது. தீயை அடுத்த வருடம், 1667 யூனில், ஒல்லாந்தரின் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து ஆங்கிலேயரின் கப்பல்களைக் கொளுத்தின. அதே ஒல்லாந்தர்தான், 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள். இலண்டனே கலங்கியது. பீப்ஸ் 1,300 பவுண் பெறுமதியான பொற்காசைத் தன் மனைவியிடமும் தகப்பனிடமும் கொடுத்து, பிராம்ப்டன் என்ற ஊரிலுள்ள வீட்டுக்கு அனுப்பினார். அவர்கள் தோட்டத்தில் தாட்டார்கள்.

ஒக்ரோபரில் அவர் கிண்டப் போனார். நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தாட்ட தகப்பனும் மனைவியும் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஆனாலும் சரியான இடத்தை உடனே காட்ட அவர்களால் முடியவில்லை. அவர்கள் தாட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஆழமும் இல்லாமல். அக்கம்பக்கத்தார் கண்டிருப்பார்கள் என்று பீப்ஸ் கொதித்தார். பை உக்கி, காசு மண்ணோடு கலந்து கிடந்தது. இரவு விளக்கு வெளிச்சத்திலும் மறுநாள் காலையிலும் மண்ணை வாளியில் அள்ளிக் கழுவிக் கழுவிப் பொறுக்கியும், இருபது முப்பது காசு வரை கிடைக்கவே இல்லை.

இதை வாசித்து முடித்ததும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நாலு மாதத்தில், தாட்டவர்களே உயிரோடு நிற்கும்போதே, இந்தப் பாடு. எங்கள் குடத்துக்கு எண்பது வருடம். தாட்டவர் இல்லை. மரமும் இல்லை. "ஏழு கவடு" மட்டும் எப்படி ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து சேர்ந்தது? உண்மையில் நடந்த காரியம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பீப்ஸின் கதையில் சண்டை இருக்கிறது, மறதி இருக்கிறது, நட்டம் இருக்கிறது. எங்கள் கதையில் ஒன்றுமே பிழைக்கவில்லை.

தாட்டது பொய்யான வழக்கமா?

இல்லை. அதையும் சொல்ல வேண்டும். எம்முடைய முன்னோர் காசைத் தாட்டது விசரில் அல்ல. 1884இல் கொழும்பில் ஒறியன்ரல் வங்கி என்ற பெரிய வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். அடுத்த வருடம் அரசாங்கமே நோட்டு அச்சடிக்கத் தொடங்கியது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பான் விமானங்கள் குண்டு போட்டன. அந்த வருடம் சில்லறைத் தட்டுப்பாட்டில் சதக் கணக்கிலும் கடதாசி நோட்டு வந்தது. மலாயாவில் யப்பான்காரர் அச்சடித்த, எங்கள் சனம் "வாழைமரக் காசு" என்று சொன்ன நோட்டு, 1945இல் யுத்தம் முடிந்ததோடு வெறுங்கடதாசி ஆனது. 1970இல் இலங்கை அரசு ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகளைச் செல்லாமல் ஆக்கியது. இவ்வளவையும் கண்ட ஒரு தலைமுறை பவுணை நம்பியதில் என்ன பிழை?

இந்த நாட்டிலும் அப்படித்தான். 1992இல் சஃபோக் பகுதியில் ஹொக்ஸ்னி என்ற ஊரில், வயலில் தவறிய ஒரு சுத்தியலை மெசினால் தேடப்போன மனிதருக்கு உரோமர் காலத்துக் காசு ஏறக்குறைய 15,000 கிடைத்தது. அவர் முழுவதையும் தானே கிண்டி எடுக்காமல் அறிவித்ததால் ஆய்வாளர்கள் வந்து ஒழுங்காக எடுத்தார்கள். பிரித்தானிய நூதனசாலையில் அது இருக்கிறது. அந்தச் சுத்தியலும் அங்கேதான் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். உரோமரின் ஆட்சி இங்கே குலைந்த காலத்தில் யாரோ தாட்டது. தாட்டவர் திரும்பி வந்திருந்தால் அது அங்கே இருந்திராது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது எங்களுக்கு அந்தக் காசைவிட, திரும்பி வராத அந்தக் குடும்பம்தான் மனதில் நின்றது.

ஆகவே, தாட்டு வைப்பது உண்மையான வழக்கம். ஆனால் வழக்கம் உண்மை என்பதற்காக எங்கள் குடம் உண்மை ஆகிவிடாது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

நாங்கள் செய்த நாலு சோதனை

முதலாவது, கொப்பியில் எழுதினோம். கதை தெரிந்த ஐந்து பேரைத் தொலைபேசியில் எடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். எந்த வருடம்? என்ன காசு? என்ன பாத்திரம்? எந்த இடம்? கண்டது யார்? கட்டம் போட்டு எழுதியபோது கதை கலையத் தொடங்கியது. ஒருவருக்குப் பவுண், ஒருவருக்கு மலாயா வெள்ளிக்காசு, இன்னொருவருக்கு இராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். பாத்திரம் ஒருவருக்குக் குடம், ஒருவருக்கு அண்டா. ஒருவர் 1942 என்றார். இன்னொருவர் இந்தியன் ஆமி வந்த வருடம் என்றார்; பூட்டன் செத்து அப்போது முப்பது வருடத்துக்கு மேல். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஐந்து பேரும் ஒரே பதில்: "நான் காணேல்லை. ஆச்சி சொன்னவ." நாங்கள் ஐந்து சாட்சி என்று நினைத்திருந்தது உண்மையில் ஒரு சாட்சி.

இரண்டாவது, அந்த ஒரு சாட்சி. தங்கச்சியிடம் ஆச்சியின் விவாகப் பதிவுப் பிரதி இருந்தது. காணி அலுவலுக்காக எடுத்தது. அதில் வருடம் 1944. குண்டு போட்டது 1942. அதாவது குடம் தாட்ட அன்று ஆச்சி அந்த வீட்டுக்கு மருமகளாக வரவே இல்லை. அவவும் காணவில்லை. அவவுக்கும் யாரோ சொன்ன கதைதான்.

மூன்றாவது, நிறை. எங்கள் தொழிற்சாலையில் திருகாணி, வாஷர் எல்லாம் பொதி செய்கிறோம். ஒருநாள் இடைவேளையில் ஒரு லீற்றர் சாடி நிறைய இரும்பு வாஷரைப் போட்டுத் தராசில் வைத்தோம். 4.6 கிலோ. மேற்பார்வையாளர் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "எங்கட பூட்டன்ர கணக்குப் பாக்கிறம்" என்று இங்கிலிசில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. சும்மா சிரித்தோம். பத்து லீற்றர்க் குடம் என்றால் வாஷரே 46 கிலோ. காசு வெள்ளி, வாஷரைவிட ஒன்றேகால் மடங்குக்கும் சற்றுக் கூடுதலாகப் பாரம். குடம் 60 கிலோ வரும். பவுண் இரண்டு மடங்குக்கும் மேல்; 100 கிலோவைத் தாண்டும். ஒரு பவுண் காசு 7.98 கிராம். அப்படியானால் குடத்துக்குள் 12,000 பவுணுக்கு மேல் இருந்திருக்க வேண்டும்! வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதுவென்றாலும் 5,000 ரூபாய்க்கு மேல். ரெயில்வேயில் சம்பளத்துக்கு நின்ற மனிதரிடம் இது எங்கிருந்து வந்தது? அதுவும் ஐம்பத்தைந்து வயது கடந்தவர், தன்னந்தனியாக, ஒரு மூடை சீமெந்தின் இரண்டு மடங்கு பாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாராம்.

நாலாவது, மண். வலிகாமத்தார் எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் செம்பாட்டு மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது. அதன் கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை நம்பித்தான் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையே வைத்தார்கள். கிணறு வெட்டுபவர்கள் வெடி வைத்துத்தான் இறங்குவார்கள். எங்கள் வளவில் கல் எத்தனை அடியில் வருகிறது என்று தங்கச்சியிடம் கேட்டோம். மலசலகூடத்துக்குக் கிடங்கு வெட்டினவர்கள் இரண்டரை அடியிலேயே கல் என்று கூலி கூட்டிக் கேட்டார்களாம். ஆளுயரக் கிடங்கை ஒரு இராத்திரியில், சத்தமில்லாமல், ஒரு கிழவர் வெட்டினாரா?

கொப்பியை மூடினோம். குடம் இல்லை. குடமாக ஒருநாளும் இருந்திருக்க முடியாது.

மாமியின் பேணி

ஆனால் புகையில்லாமல் கதை எழும்புமா என்ற கேள்வி விடவில்லை. அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, மானிப்பாயில் இருக்கிறா. எண்பதை நெருங்குகிறா. அந்த ஐந்து பேரில் அவவும் ஒருவர். நாலு சோதனையையும் அவவுக்குத் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொன்னோம். கனநேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தோம்.

"தம்பி, அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. அவவும் போயிட்டா. கொப்பரும் போயிட்டார். இனி ஆருக்குப் பயம்?" என்று தொடங்கினா.

மாமிக்குக் கலியாணம் 1964இல். பேச்சு முற்றான பிறகு ஒருநாள் இரவு, ஆண்கள் எல்லோரும் திருவிழாவுக்குப் போன நேரம், ஆச்சி குசினிக்குள் அடுப்படிக் கல்லைப் பெயர்த்து ஒரு பிஸ்கற் பேணியை எடுத்தா. மூடி கறள் கட்டித் திறபடாமல் அலவாங்கால் நெம்பித் திறந்தார்கள். சீலைத் துணியில் சுற்றிய பவுண் காசு. மாமி தன் கையால் எண்ணினா. பதினெட்டு. மாமனார் சாகும்போது ஆச்சியின் கையில் கொடுத்ததாம், "பொம்பிளைப் பிள்ளைக்கு" என்று. பத்தர் ஒருவர் வீட்டுக்கே வந்து உருக்கித் தாலிக்கொடி ஒன்றும் காப்பு நாலும் செய்தார். தாலிக்கொடி ஒன்பதரைப் பவுண், காப்பு ஒவ்வொன்றும் இரண்டு. பதினேழரை. பத்தரின் சேதாரம் அரைப் பவுண். கணக்குச் சரி.

மூன்று ஆண்பிள்ளைகள் பங்கு கேட்பார்கள் என்று ஆச்சி பயந்தா. பூட்டன் ஏதோ வைத்துவிட்டுப் போனார் என்ற பேச்சு முன்பே ஊரில் இருந்தது. அதை இல்லை என்று சொல்லாமல், அடுப்படியிலிருந்து புளியமரத்தடிக்கு ஆச்சி மாற்றிவிட்டா. பேணி குடம் ஆனது. பதினெட்டு, குடம் நிறையப் பவுண் ஆனது. யாரும் கிண்டாத ஆழத்துக்கும் போனது.

"அப்ப அந்த நகையெல்லாம் எங்க மாமி?"

"தாலிக்கொடி 96இல வித்துச் சாப்பிட்டது. ரெண்டு காப்பு மகளின்ர கலியாணத்துக்கு. மற்ற ரெண்டும் நீ வெளிக்கிடேக்க தந்தனான் எல்லே. உன்ர ஏஜென்சிக் காசு."

அந்தக் காப்புகள் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. மெல்லிய நாட்டுவேலைக் காப்பு. அடைவு கடையில் நிறுத்தபோது பக்கத்தில் நின்றோம். எதிலிருந்து செய்தது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இதையும் நாங்கள் வேதவாக்காக எடுக்கவில்லை. மாமிக்கும் வயது போய்விட்டது. ஆனால் குடத்தைக் கண்டவர் ஒருவரும் இல்லை; பேணியைக் கண்டவர் ஒருவர் இருக்கிறா. குடத்தின் நிறை ஒரு மனிதனால் தூக்க ஏலாதது. பதினெட்டுப் பவுண் 144 கிராம்தான், ஒரு கைக்குள் அடங்கும். உத்தியோகத்தர் ஒருவர் மிச்சம் பிடிக்கக் கூடிய தொகையும் அதுதான். இரண்டு கதையில் ஒன்றை நம்பச் சொன்னால் நாங்கள் எதை நம்புவோம் என்று உங்களுக்கே தெரியும்.

பெரியப்பா

பேணி 1964இல் முடிந்துவிட்டது. பெரியப்பா வீடு கட்டியது 1979இல். அப்படியானால் அவர் எதை எடுத்தார்?

இந்தக் கேள்வி வந்த பிறகு இரண்டு கிழமை நாங்கள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. பெரியப்பா இப்போது ஜேர்மனியில் மகளோடு இருக்கிறார். இலக்கத்தை மாமிதான் தந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். யார் என்று சொன்னதும், "ஓ, சொல்லு" என்றார். அவ்வளவுதான். நாங்கள் பேணியைச் சொன்னோம். கணக்கைச் சொன்னோம். அப்பா சொன்னது பிழை என்று சொன்னோம். வீடு சம்பளத்தில் கழிபடும் கடனில் கட்டியது என்றும், எரிந்த பிறகும் அந்தக் கடனைக் கட்டி முடித்தது என்றும் அவருடைய மகள் பிறகு எங்களுக்குச் சொன்னா. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் இதை மட்டும் சொன்னார்: "தம்பியின்ர செத்தவீட்டுக்கு நான் வரேல்லை எண்டு உங்களுக்குச் சொல்லியிருப்பினம். வந்தனான். கொழும்பிலயிருந்து பஸ்ஸில வந்து, கேற்றடியில நிண்டனான். உள்ளுக்க வந்தால் திரும்பவும் அந்தக் கதை எடுப்பினமோ எண்டு பயமாக் கிடந்தது. பிரேதம் வெளிக்கிட்டாப் பிறகு போனனான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காலில் விழுத்தியிருக்கலாம். அதுவும் இல்லை. "பிழை விட்டிட்டம் பெரியப்பா" என்றோம். "சரி, பிள்ளையள் என்ன படிக்குதுகள்?" என்று கேட்டார்.

வாசகர்களுக்கு

எங்களைப் போலப் புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்குச் சில விடயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் புதையல் கதை இருந்தால் முதலில் கொப்பி எடுங்கள். மண்வெட்டி எடுக்க வேண்டாம். கதை சொல்பவர் கண்டாரா, கேட்டாரா என்று கேளுங்கள். வருடத்தை விவாகப் பதிவு, பிறப்புப் பத்திரம், உறுதி ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். காசின் நிறையைப் பெருக்கிப் பாருங்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எங்களுக்கு மாமி ஒருவர்தான் மிச்சம் இருந்தா. இன்னும் இரண்டு வருடம் பிந்தியிருந்தால் பெரியப்பா எங்கள் மனதில் கள்வனாகவே செத்திருப்பார்.

விடுபட்ட காணிகளில் கிண்டச் சொல்லிக் காசு அனுப்பாதீர்கள். வெடிபொருள் அகற்றினாலும் அது ஒரு குறித்த ஆழம் வரைக்கும்தான். மெசின் கத்துவது காசுக்கு மட்டும் இல்லை; இரும்புக்கும் கத்தும், ஷெல்லுக்கும் கத்தும். இலங்கையில் தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் புதையல் தேடிக் கிண்டுவது குற்றம். அடிக்கடி பிடிபடுகிறார்கள். இங்கேயும் இங்கிலாந்தில் புதையல் என்று கருதக்கூடியது ஏதும் கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மை போடுபவர்களுக்கும் ஸ்கானர்காரர்களுக்கும் கிடைக்கும் புதையல், நாங்கள் அனுப்பும் ஓவர்ரைம் காசு மட்டுமே.

காணிப் பிரிப்பு எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். பெரியப்பா கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். மாமியும் வைத்துவிட்டா. சித்தப்பாவுக்கு எங்கள் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினோம். ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன கிழமை எடுத்தார். "கணக்கெல்லாம் சரி. ஆனா அடுப்படியில ஒரு பேணி இருந்ததெண்டால், புளியடியில இன்னொண்டு இருந்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டார்.

இன்னொன்று இல்லை என்று எங்களால் நிரூபிக்க முடியாது. அதைத்தான் அவருக்கும் சொன்னோம். "சித்தப்பா, இருந்தால் அது தங்கச்சியின்ர பங்குக்கையே கிடக்கட்டும். அவளுக்கு இப்ப கூரை வேணும்" என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மழைக்காலத்துக்கு முன் அவர் யோசித்து முடிக்க வேண்டும். தகரம் ஒழுகுகிறது என்று தங்கச்சி நேற்றும் சொன்னாள்.